கொசப்பேட்டைப் பெரியம்மா வீட்டாருக்கு நன்றி மடல்

வேலூர் கொசப்பேட்டையில் எங்களுக்கு அடைக்கலம் தந்த பெரியப்பா, பெரியம்மாவின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம். இந்த நன்றியை அவர்கள் இருவரும் இருந்தபோதே முழுமையாகச் சொல்லாமல் விட்டது என் தவறு.

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் பரவி, இன்றியமையாத பணியில் இல்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறுமாறு அரசும் அறிவுறுத்தியது. துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவால் வர இயலவில்லை. ஏழு வயதுச் சிறுவனான என்னையும் அக்காவையும் மூன்று மாதக் கைக்குழந்தையான தம்பியையும் அம்மாவோடு ரயிலேற்றி, தம் பள்ளித் தோழரான பெரியப்பாவை நம்பி அனுப்பினார். நாங்கள் வரும் செய்தியைச் சொன்ன அஞ்சல் அட்டை, நாங்கள் வந்து நான்கு நாள் கழித்தே உங்கள் வீட்டுக்கு வந்தது!

காட்பாடியில் இறங்கி நின்ற எங்களைத் தம் ஜட்காவில் ஏற்றி, பாலாற்றைக் கடந்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்த்த பாய், "பச்சைக் குழந்தையோடு வந்த தாயிடம் கூலி வாங்க மாட்டேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அவருடைய வழிவந்தவர்கள் எங்கிருந்தாலும் அவர்களுக்கும் இம்மடல் உரியது.

வந்த இரண்டாம் வாரமே அம்மா கடுங்காய்ச்சலில் படுத்தார், பால் வற்றிப்போயிற்று. அப்போது தம் கடைசி மகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, யாரும் கேட்பதற்கு முன்னரே தம்பியையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஏறத்தாழ ஒரு மாதம் இரண்டு குழந்தைகளும் அவரிடமே பால் குடித்தன. ரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி வரத்து நின்றிருந்த காலம் அது. எங்கள் இலையில் சோறு விழுந்த நாள்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேழ்வரகுக் களியோடு நிறுத்திக்கொண்டதை, களி அவர்களுக்குப் பிடித்த உணவு போலும் என்றே நான் எண்ணியிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து அம்மா கண்ணீரோடு சொன்ன பிறகே உண்மை விளங்கிற்று.

மாலைகளில் உங்கள் அண்ணன்மார் என்னைக் கோட்டைக்கு அழைத்துச் செல்வார்கள். ஜலகண்டேசுவரர் கோயிலில் அப்போது மூலவர் இல்லை. கல்யாண மண்டபத்துத் தூண்களின் யாளிகளை எண்ணி விளையாடுவோம். 1981இல் அங்கே மீண்டும் இறைவன் எழுந்தருளிய பின், இரு குடும்பமும் சேர்ந்து சென்று வழிபட்டோம். சந்நிதியில் பெரியம்மா தம்பியின் கையைப் பிடித்தபடியே நின்றார்.

அந்தத் தம்பி இப்போது என் அருகில்தான் அமர்ந்திருக்கிறான். நான் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று தன் கையாலேயே எழுதிக் கீழே கையொப்பம் இட்டிருக்கிறான்.