அப்பாவின் தலை அளவு

மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
ஜூலை 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். போன ஞாயிறு போனில் நீ, "ஆப்பிரிக்காவுல போயி உல்லன் நூலை யாரு கண்ணு வாங்குவாங்க" என்று சிரித்தாயே, அப்போது கடையில் ஆள் நின்றதால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் குளிர். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். டர்பனில் இருப்பவர்கள் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு தப்பித்துவிடுவார்கள், எங்கள் ஊர் உள்ளே தள்ளி மேட்டில் இருக்கிறது, டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி விழுந்தால் அந்தக் காற்று நேராக இங்கே வந்து எலும்பைத் தொடும். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன் இந்த ஊரில்தான், 1893 ஜூன் 7 ராத்திரி. மேல்கோட்டு பெட்டியோடு ரயில்வேக்காரர்களிடம் இருந்தது, கேட்டால் இன்னும் அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த நடுக்கம் எனக்கு ஒன்றுமாகத் தோன்றவில்லை. இப்போது ஜூனில் ஸ்டேஷன் பக்கம் போனால் முதலில் அந்தக் கோட்டுதான் ஞாபகம் வருகிறது.

கடை அத்தையோடது என்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தமிழ் என்றால் வா, சாப்பாடு, தண்ணி, கூடவே கோயில் பாட்டு நான்கு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் நூலைத் தொட்டுப் பார்க்கும்போது நம் ஊர் மாஸ்டர் மாதிரியே இரண்டு விரலில் உருட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். இங்கே கோன் கிடையாது, 50 கிராம், 100 கிராம் பந்துகள்தான். நூலின் பருமனுக்கு நம் ஊர் மாதிரி முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் என்று கேட்க மாட்டார்கள், நடுத்தரம் என்றால் டபுள் நிட், தடிமன் என்றால் சங்கி என்பார்கள். ஸ்வெட்டருக்கு இங்கே பேரே ஜெர்சி. வந்த புதிதில் ஒரு அம்மா "ஜெர்சிக்கு நூல்" என்று கேட்க, திருப்பூரில் பனியன் துணிக்குச் சொல்கிற சிங்கிள் ஜெர்சியா என்று கேட்டுவிட்டேன், அவர் விழித்தார். அப்புறம் அத்தை ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது பார்த்தால், முன்பக்கம் வி வியாக, பின்பக்கம் மேடு மேடாக, நம் பனியன் துணியேதான்! மெஷின் ஒரு நிமிஷத்தில் ஓட்டுவதை இவர்கள் மூன்று வாரம் மடியில் வைத்துப் பின்னுகிறார்கள்.

குளிர்காலத்தில் அதிகம் போவது ஸ்கூல் ஜெர்சி நூல், கரும்பச்சையும் நேவி ப்ளூவும். வாங்குவது பெரும்பாலும் பாட்டிமார்கள். ஜூலு இனத்துப் பாட்டியைக் கோகோ என்பார்கள், நம்மவர்கள் ஆயா என்பார்கள். இதில்தான் நான் ஒரு வேலை செய்தேன், அப்பாவிடம் சொல்லாதே. மே மாதம் ஒரு கோகோவுக்கு ஏழு பந்து கரும்பச்சை எடுத்துக் கொடுத்தேன், அதில் இரண்டு வேறு டை லாட், அதாவது வேறு தடவை சாயம் போட்டது. லேபிளில் நம்பர் இருக்கிறது, பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து ஜெர்சியோடு வந்தார், ஒரு கை மட்டும் ஒரு சாயல் கருப்பு. ஆறு வருஷம் திருப்பூரில் செக்கிங்கில் உட்கார்ந்து ஷேடு வேரியேஷன் என்று பீஸைத் தூக்கி எறிந்தவள் நான்! கோகோ ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் குத்தியது. அத்தை இரண்டு கையையும் பிரித்து, இரண்டு லாட்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினார். சாயல் கலந்து கண்ணுக்கே தெரியவில்லை. இந்த வித்தை நம் டையிங்காரர்களுக்குத் தெரிந்தால் ரிஜெக்‌ஷனே இருக்காது.

இப்போது உச்ச சீசன், நம் ஊர் தீபாவளி ஆர்டர் மாதிரி. ஜூலை 18 மண்டேலா பிறந்தநாள். அவர் 67 வருஷம் மக்களுக்காக உழைத்தார் என்று அன்றைக்கு 67 நிமிஷமாவது பிறருக்காக ஏதாவது செய்வார்கள். கரோலின் ஸ்டெய்ன் என்பவர் 2013 டிசம்பரில், 67 போர்வை பின்னிக் கொடுப்போம் என்று ஆரம்பித்தது நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2015-ல் பிரிட்டோரியாவில் அரசாங்கக் கட்டடமான யூனியன் பில்டிங்ஸ் புல்வெளியில் போர்வைகளை இணைத்து விரித்து உலக சாதனை செய்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே சென்னையில் நம் பெண்கள் 11,148.5 சதுர மீட்டருக்குப் பின்னி அதை முறியடித்துவிட்டார்கள். இதைக் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், அத்தை போதும் என்று கண்ணைக் காட்டும்வரை.

எங்கள் கடையில் 20 சென்டிமீட்டர் சதுரமாகக் குரோஷா என்ற கொக்கி ஊசியில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். 48 சேர்ந்தால் ஒரு போர்வை. ஆடி ஒன்றும் அதை ஒட்டியே வருகிறது பார், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், போரிட்ஜ் பிரேயர் என்று பேர். ஆடி என்றால் நமக்குக் காற்று, இங்கே குளிர். போன வருஷம் கூழ் ஆறுகிற நேரத்தில் கோயில் வாசலில் உட்கார்ந்து சதுரங்களை இணைத்தார்கள், நானும் இணைத்தேன், ஒரு போர்வையில் கேழ்வரகு வாசனையே வந்தது.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். இவர்கள் பண்டிகைக் காலம் என்று சொல்வது அப்போதுதான், ஆனால் கொளுத்தும் வெயில். கம்பளி மூலைக்குப் போய்விடும், காட்டன் நூலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் போடுகிறவர்கள் மட்டும் வருவார்கள்.

இன்னொன்று, மொஹேர் என்று ஒரு நூல், அங்கோரா ஆட்டு ரோமம். உலகத்து மொஹேரில் பாதிக்குப் பக்கம் இந்த நாட்டில்தான், கரூ என்ற வறண்ட பக்கம். 1838-ல் துருக்கியிலிருந்து ஆடு வந்ததாம். கிடாய்களையெல்லாம் மலடாக்கித்தான் கப்பலேற்றினார்கள், கூட வந்த ஒரே பெட்டை சினையாக இருந்து வழியிலேயே கிடாய்க் குட்டி போட்டுவிட்டது என்று கதை சொல்வார்கள். நூல் பட்டு மாதிரி மின்னும். விலையும் அப்படித்தான், ஆனால் அத்தை எனக்கு இரண்டு பந்து சும்மா கொடுத்தார்.

அதில் அப்பாவுக்கு மங்கி கேப் பின்னப் போகிறேன், மார்கழிக் காலையில் டீக்கடைக்குப் போக. ஒன்று பின்னிப் பார்த்தேன், பூசணிக்காய்க்குத்தான் சரியாக இருக்கும். நீ அவர் தூங்கும்போது நெற்றியைச் சுற்றி ஒன்று, தாடையிலிருந்து உச்சி வழியாகச் சுற்றி ஒன்று, இன்ச் டேப்பில் அளந்து அனுப்பு. முழித்திருக்கும்போது கேட்டால் எதற்குச் செலவு என்பார்.

உன்
செல்வி