மாடிப்படி சேஃப்டி கேட் குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், மஞ்சக்குப்பம், கடலூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: சேஃப்டி கேட்டைத் திரும்பப் பெறாமல் அலைக்கழிப்பது

ஐயா,

வணக்கம். போன், மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் கேட்டு ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். குழந்தை படியில் உருண்டு விழாமல் தடுக்க 5,499 ரூபாய்க்கு வாங்கிய உங்கள் வெள்ளை கேட் இன்னும் எங்கள் மாடியில் சும்மா சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. எது என்று நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் விளம்பரத்தில் முதலில் வருவதே அதுதான்.

அந்த விளம்பரத்தில் கேட் எங்கே நிற்கிறது? மாடிப்படியின் உச்சியில். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் தாளில், பொடி எழுத்தில், படியின் உச்சியில் பயன்படுத்தக் கூடாது என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ரப்பர் வைத்த திருகு சுவரை அழுத்திப் பிடிக்கிற கேட் இது. சமையலறை வாசலுக்கு அது போதும். படி உச்சியில் குழந்தை சாய்ந்து தள்ளிப் பிடி நழுவினால் கேட்டும் பிள்ளையும் சேர்ந்துதான் உருளும். போதாததற்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி வேறு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குகிறவர் கால் அதில் தட்டினால் என்ன ஆகும்? உச்சிப்படிக்குச் சுவரில் துளை போட்டு ஸ்குரூவில் பிடிக்கும் கேட்தான் வேண்டும், அதுவும் படிப்பக்கம் திறக்காததாக. இது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே தாளில் போட்டீர்கள்!

வாங்கும் முன்பே சாட்டில் கேட்டேன். எங்கள் படிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் உருண்டை ஸ்டீல் பைப் ரெய்லிங், பொருந்துமா என்று. "எந்த ரெய்லிங்குக்கும் பொருந்தும்" என்று பதில் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். உருண்டைப் பைப்பில் அந்த ரப்பர் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்ன என்னிடம் உங்கள் கஸ்டமர் கேர் பெண் கேட்ட கேள்வி இது: "ஏன் மேடம், வீட்ல குழந்தையைப் பாத்துக்க ஆளே இல்லையா?" அதை என்னால் மறக்க முடியவில்லை. என் மாமியார் முட்டிவலியோடு நாள் முழுக்க அந்தப் படி முனையில் உட்கார்ந்து பேத்தியைக் காவல் காக்கிறார். தவழ்கிற பிள்ளை கண் இமைக்கும் நேரத்தில் படிக்குப் போய்விடும், அதற்காகத்தானே கேட் வாங்குகிறோம்? அந்தப் பெண் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணம் பிறகு.

புதுச்சேரி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொன்னதும் நீங்கள்தான். லீவு போட்டு, பிள்ளையையும் இந்தக் கேட்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முருங்கப்பாக்கத்தில் டிராஃபிக்கில் பிள்ளை அழுதே தீர்த்தாள். அங்கே போனால், "இது ஆன்லைன்ல வாங்கினது, நாங்க தொட மாட்டோம்" என்று பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் எதற்கு வரச் சொன்னீர்கள்?

அப்புறம் இன்னொன்று. முதல் நாள் பெட்டியைப் பிரிக்கும்போதே திருகில் துரு இருந்தது. படம் எடுத்து அனுப்பினால், கடலூர் உப்புக்காற்றில் அப்படித்தான் ஆகும் என்கிறார்கள். பிரிக்காத பெட்டிக்குள் எந்த உப்புக்காற்று புகுந்தது?

ஐயா, சண்டை போட எனக்கு ஆசை இல்லை. கேட்டை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் உருண்டைப் பைப்புக்கான கிளாம்போடு ஸ்குரூ கேட் அனுப்பி, ஆள் வைத்து மாட்டிக் கொடுங்கள். லீவு, ஆட்டோ, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். அதை நான் இன்னும் கேட்கவில்லை.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. அப்போது அந்த ஒரு லட்சத்தையும் சேர்த்தே கேட்பேன்.

எனக்குப் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த விளம்பரப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து இன்னொரு வீட்டில் இதே கேட்டைப் படி உச்சியில் மாட்டி வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்

இணைப்பு: பில் நகல், சாட் ஸ்கிரீன்ஷாட், துருப்பிடித்த திருகின் படம்