ஹூசியர்ஸ் அணிக்கு ஒரு நன்றி மடல்

ஹூசியர்ஸ் என்று செல்லமாக அழைக்கப்படும் அன்புள்ள இண்டியானா பல்கலைக்கழக அணியினருக்கு,

2023-ல் 12 ஆட்டத்தில் 3 வெற்றி. 2024-ல் 13 ஆட்டத்தில் 11. நூறு வருஷத்துக்கும் மேலாக அமெரிக்கக் கால்பந்து ஆடும் இந்தப் பல்கலைக்கழகம், ஒரே சீசனில் 10 வெற்றியை 2024-க்கு முன் கண்டதே இல்லை. பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டன் ஊரே நன்றி சொல்கிறது. என் பங்குக்கு நான் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோச் கர்ட் சிக்னெட்டிக்கு. "நான் ஜெயிப்பவன், கூகுளில் பாருங்கள்" என்று வந்த புதிதில் சொன்னார். வாய்ச்சவடால் என்று சிரித்தவர்கள் உண்டு. பார்த்தால் விஷயம் இருந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கோச் நிக் சேபனிடம் உதவி கோச்சாக இருந்தவர், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 2011-ல் இரண்டாம் டிவிஷன் கல்லூரிக்குத் தலைமை கோச்சாகப் போயிருக்கிறார்.

சரி, கோச்சுக்கு மாலை போட ஆள் நிறைய. என் பெரிய கும்பிடு, அவரை நம்பி, அவர் முன்பு கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கூடவே வந்த 13 பேருக்கு. எய்டன் ஃபிஷர், மிக்கைல் கமாரா, டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட் எல்லாரும் ஜெயித்துக்கொண்டிருந்த அணியை விட்டு, தோற்றுப் பழகிய அணிக்கு வந்தவர்கள். அவர்களுக்கும் ஒரு படி மேலே, ஏற்கெனவே இங்கே ஆடிக்கொண்டிருந்த மைக் கேட்டிக் போன்றவர்கள். அடிமேல் அடி வாங்கியும் வேறு கல்லூரிக்குத் தாவாமல் இங்கேயே கிடந்தார்கள். அவர்களைச் சேர்த்துவிட்டுப் போன பழைய கோச் டாம் ஆலனை இப்போது யாரும் நினைப்பதில்லை. அவருக்கும் நன்றி.

அப்புறம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், கர்டிஸ் ரோர்க். நெப்ராஸ்காவை 56-7 என்று நொறுக்கிய அன்று கட்டைவிரலில் அடி, அறுவை சிகிச்சை. அடுத்த ஆட்டத்தில் டேவன் ஜாக்சன் இறங்கி வாஷிங்டனை ஜெயித்துக் கொடுத்தார். அதற்கடுத்த ஆட்டத்துக்கே ரோர்க் திரும்பிவிட்டார். சீசன் முடிந்த பிறகுதான் தெரிந்தது, முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே மனிதர் மொத்த சீசனையும் ஆடியிருக்கிறார். கைதட்டுவதா, கோபித்துக்கொள்வதா தெரியவில்லை.

மெமோரியல் ஸ்டேடியத்தில் என் பக்கத்து சீட் பெரியவருக்கும் நன்றி. நாலு தடவைக்குள் 10 கெஜம் நகர வேண்டும் என்ற கணக்கை, முழங்காலில் பாப்கார்னை வரிசையாக அடுக்கிக் காட்டியே எனக்குப் புரியவைத்தார். பாதி ஆட்டத்தோடு கேலரி காலியாகிவிடும் பழைய காலத்திலும் கடைசி வரை உட்கார்ந்திருந்தவராம். மிச்சிகனை 20-15 என்று வீழ்த்திய அன்று என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கு இன்னும் வலிக்கிறது. பரம எதிரியான பர்டூ பல்கலைக்கழகத்தை 66-0 என்று அடித்தபோதும் "இன்னொன்று போடு" என்று கத்தினாரே, அது பழைய கணக்கு!

ஓஹையோ ஸ்டேட், நோட்டர் டேம் என்ற இரண்டு பெரிய அணிகளிடமும் தோற்றோம். சுலபமான அட்டவணையில் ஜெயித்தவர்கள் என்று சொல்பவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. ஆனால் நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்டில் நடந்த அந்த பிளேஆஃப் (தோற்றால் வெளியே) ஆட்டத்தில், 27-3 என்று கைவிட்டுப் போன பிறகும் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) போட்டீர்கள். அந்த இரண்டுக்கும் தனியாக ஒரு நன்றி.

அன்புடன்,
புளூமிங்டனிலிருந்து ஒரு ரசிகன்