செயலாளர் ஆண்டறிக்கை – அகேடியா பத்தி பேசின வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு, அதுக்குள்ள நான் போகல. மெம்பர்ஸ் போன வருஷம் அளவுதான், புதுசா சேர்ந்தவங்கள்ல நெறைய பேர் காலேஜ் பசங்க, அது ரொம்ப சந்தோஷம்.

இந்த வருஷம் மாசக் கூட்டம் பெரும்பாலும் அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல இருக்கற அகேடியா நேஷனல் பார்க் பத்தியே போச்சு, ஏன்னா நம்ம மலைநடைச் சங்கம் அடுத்து அங்கதான் போகுது, நடக்கற நெலத்த யாரு குடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்காம போறது சரியில்லன்னு கமிட்டி நெனச்சுது. அந்த பார்க் பெரும்பாலும் தனி ஆளுங்க எழுதிக் குடுத்த நெலம். 1901ல ஹார்வர்ட் தலைவரா இருந்த சார்லஸ் எலியட்டும் ஜார்ஜ் டோர்ங்கற பணக்காரரும் சேர்ந்து, பொதுமக்களுக்காக நெலத்த வாங்கிப் பாதுகாக்க ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க, 1908ல எலைசா ஹோமன்ஸ்ங்கற அம்மா பீஹைவ் மலையையே குடுத்தாங்க, 1913க்குள்ள 5,000 ஏக்கருக்கு மேல சேர்ந்துருச்சு. அங்கதான் சண்டையும் வந்துச்சு. இவ்ளோ நெலம் வரி கட்டாம கெடக்குதேன்னு உள்ளூர்ல கோபம், டிரஸ்டோட சாசனத்தையே ரத்து பண்ண மாநில சட்டசபையில மசோதா வந்துச்சு. டோர் நேர்ல போய் பேசி அத தோக்கடிச்சாரு, ஆனா இனிமே மாநிலத்த நம்பி இருக்க முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சுருச்சு. வாஷிங்டன் போனா அங்க பத்திரம் எல்லாம் சரியா இல்லன்னு திருப்பி அனுப்பினாங்க, அத சரி பண்ணி மறுபடி குடுத்து 1916 ஜூலை 8ல நேஷனல் மான்யுமென்ட், அதாவது மத்திய அரசு பாதுகாக்கற இடம் ஆச்சு, 1919ல லஃபாயெட் நேஷனல் பார்க். இப்ப இருக்கற நேஷனல் பார்க்குகள்ல மிசிசிப்பி ஆத்துக்கு கிழக்க முதல்ல வந்தது அதுதான்.

குடுத்தவங்களுக்குள்ளயும் ஒத்துமை இல்ல. எண்ணெய் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரோட மகன் ராக்ஃபெல்லர் ஜூனியர் நெலமும் குடுத்தாரு, குதிரை வண்டி ரோடும் போட்டாரு, இத்தன ரோடு போட்டா காடு என்னாகும்னு அங்க கோடைக்கு வந்து தங்கறவங்களே எதிர்த்தாங்க, 1924ல செனட்டர் பெப்பர் வரைக்கும் அந்த எதிர்ப்பு போச்சு. என்னோட அபிப்ராயம், அவங்க கேட்டது நியாயமான கேள்வி, ரோடு அழகா வந்ததுனால அந்தக் கேள்விய தப்புன்னு சொல்லிட முடியாது. 1929ல ஸ்கூடிக் முனை சேர்ந்தப்போ, அத குடுத்த குடும்பத்துக்கு பிரெஞ்சு பேரு பிடிக்கலன்னு பேரையே அகேடியான்னு மாத்தினாங்க. வரி பயம் மட்டும் ரொம்ப வருஷம் தீரல, எவ்ளோ தூரம் பார்க் வளரும்னு ஊருக்காரங்களுக்கு தெரியல, 1986ல சட்டம் போட்டு எல்லைய நிரந்தரமா வரையறுத்த பிறகுதான் அந்தப் பிரச்சனை பெரும்பாலும் ஓஞ்சுது. பாதை போட்டவங்கள எல்லாரும் பாராட்டறோம், வரி போயிடுமேன்னு பயந்த ஊர்க்காரங்க பக்கமும் நாம படிக்கணும்னு கூட்டத்துல நெறைய பேர் சொன்னாங்க, நானும் அதையே சொல்றேன்.

பயணம் இலையுதிர் காலத்துல, பீஹைவ் ஏற இரும்புப் படிய பிடிச்சுப் போகணும், உயரம் பயப்படறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, அவங்களுக்கு வண்டி ரோடுல நடை போட்டுக்கலாம். போற அன்னிக்கு பாதை சுத்தம் பண்ற வேலையில சேரறதுக்கு கமிட்டி தீர்மானம் கொண்டு வருது, அத இன்னிக்கே ஓட்டுக்கு விடறேன். சந்தா பாக்கி இருக்கறவங்க தயவுசெஞ்சு கூட்டம் முடிஞ்சதும் பொருளாளர பாருங்க.