கருப்பு கோட்டைக் கழற்றுமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தர்மபுரி, அரூர், ஓசூர் என எந்தக் கோர்ட்டு வாசல் டீக்கடையில் நின்றாலும் ஐந்தாறு வருட ஜூனியர் வக்கீல்களின் பேச்சு ஒன்றுதான்: இதிலேயே இருப்பதா, வேறு வழி பார்ப்பதா? கேள்வியில் தப்பில்லை. சென்னை, மதுரை, கோவை நீங்கலான ஊர்களில் ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-இல் தமிழ்நாடு பார் கவுன்சில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) சுற்றறிக்கை விட்டது. கைக்கு எவ்வளவு வருகிறது என்று ஜூனியர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். போகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பாதி போய்ப் பாதி நிற்கிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சலிப்பு வந்த நாளில் முடிவெடுக்காமல் கடைசி 24 மாத டைரியை எடுக்க வேண்டும். கோர்ட்டு ஃபீஸுக்கும் ஸ்டாம்புக்கும் கட்சிக்காரர் கொடுத்த பணத்தை வரவில் சேர்க்கக் கூடாது. பலருக்குக் கணக்கு தப்புவது இங்கேதான். பெட்ரோல், டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா படி எல்லாம் கழித்து மிஞ்சுவதே வருமானம். தொப்பூர் கணவாய் விபத்து போன்ற எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு) கட்டுகளைத் தனியே எண்ணுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கோர்ட்டில் பணம் கட்டி, அதை மனுப் போட்டு எடுக்கும்வரை அதில் ஃபீஸ் வராது. (சதவீதம் பேசுவது விதிப்படி கூடாது, அது வேறு வழக்கு.) பிறகு, இருக்கிற கட்டுகளில் சீனியர் கைகாட்டியது எத்தனை, உங்கள் பெயர் சொல்லி வந்தது எத்தனை என்று பாருங்கள். இரண்டாவது எண் வருடா வருடம் ஏறினால் பொறுக்கலாம். ஐந்து வருடமாக அசையவில்லை என்றால், என் பார்வையில், கிளம்புவதே நல்லது.

சிப்காட் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, லீவு போட்டு வாய்தாவுக்கு வருவது நடக்கிற கதை. முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்த வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. 47-ஆம் விதிப்படி நேரடியாக வியாபாரமும் நடத்தக் கூடாது. மாங்கூழ் ஆலையில் பணம் போட்டுப் பங்குதாரராக ஒதுங்கி நிற்கலாம். கல்லாவில் உட்காரக் கூடாது. பாடம் நடத்துவதற்கும் பத்திரிகைக்கு எழுதுவதற்கும் 51-ஆம் விதி இடம் தருகிறது.

வக்கீல் தொழிலோடு பட்டுப்புழு வளர்ப்பையும் கூடவே பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு விதியைவிட நேரமே எதிரி. புழு தின்னும் மொத்தத் தழையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தில், கடைசி ஏழெட்டு நாளில் போகிறது. அந்த வாரம் சாட்சி விசாரணை வந்து ஒரு வேளைத் தழை தவறினால், மெலிந்த கூட்டுக்கு அங்காடியில் விலை கிடைக்காது.

கிளம்புவது என்று ஆனால், முதல் வேலை கையிலுள்ள வழக்குக் கட்டுகளை ஒப்படைப்பது. "வேறு வக்கீலிடம் சொல்லிவிட்டேன்" என்பதால் வக்காலத்து முடிவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 3, விதி 4-இன்படி எழுத்தில் கொடுத்து, கோர்ட்டு அனுமதி பெற வேண்டும். இல்லையென்றால் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் இருக்காது, வழக்கு தள்ளுபடியாகும் அல்லது எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சத் தீர்ப்பு) ஆகும். அதை மீட்க 30 நாள். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு. செலவும் அலைச்சலும் கட்சிக்காரருக்கு.

ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தாள் வையுங்கள்: அடுத்த வாய்தா, வழக்கின் நிலை, காலக்கெடு, உள்ளே இருக்கும் அசல் ஆவணங்கள், வாங்கிய ஃபீஸ். கெடு ஓடுகிற கட்டுகளை முதலில் ஒப்படையுங்கள். அப்பீலுக்கு ஜில்லா கோர்ட்டில் 30 நாள், ஹைகோர்ட்டில் 90. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளில் நோட்டீஸ் போக வேண்டும். அசல் பத்திரத்தைக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸையும் திருப்பித் தர வேண்டும்.

அதன்பின் அசல் என்ரோல்மெண்ட் சான்றிதழைப் பதிவுத் தபாலில் பார் கவுன்சிலுக்கு அனுப்பித் தொழிலை நிறுத்தி வைக்கலாம். அனுப்புமுன் நகல் எடுத்து வைப்பது உத்தமம். திரும்பி வர நினைத்தால் மனுவும் அபிடவிட்டும் போதும், கதவு மூடாது. ஆனால் நேரடி மாவட்ட நீதிபதி பதவிக்கு ஏழு வருடத் தொழில் தொடர்ச்சியாக வேண்டும், நோட்டரிக்குப் பொதுப்பிரிவில் பத்து வருடம். ஒன்பதரை வருடத்தில் சான்றிதழை அனுப்புகிறவர் ஆறு மாதம் தள்ளிப்போடலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என நம் இரு மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களும் கட்டு ஒப்படைப்புப் படிவம் ஒன்றை அச்சடித்து அலுவலகத்தில் வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், தர்மபுரி