கனடாவில் ஒரு எருக்கலை

குவெல்ப், கனடா
ஓகஸ்ட் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? கிளினிக் கொப்பியோடு தம்பி தவறாமல் கூட்டிப்போகிறானா?

போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "பூச்சியின் காலைக் கழற்றுவதற்கா மகள் இவ்வளவு தூரம் போனாய்?" என்று கேட்டீர்கள். அந்த நேரம் பார்த்து லைனும் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற விசயமும் இல்லை இது. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டு நீங்களே வாசித்தால் எனக்குச் சந்தோஷம்.

காலையில் வேலைக்குப் போனதும் என் மேசையில் ஒரு தட்டு இருக்கும். உள்ளங்கை அளவுதான். அதில் 96 குழிகள், பல்லாங்குழியைச் சுருக்கிச் செய்தது போல. காய்ந்த அந்துப்பூச்சி ஒன்றை ஊசியோடு எடுத்து, மெல்லிய இடுக்கியால் ஒரேயொரு காலைக் கழற்றிக் குழியில் போடுவேன். கால் என்றால் கண்ணிமை மயிர் அளவு. மூச்சுப் பட்டாலே பறந்துவிடும். அடுத்த பூச்சியைத் தொடுமுன் இடுக்கியைச் சுத்தம் செய்யவேண்டும், ஒன்றின் துணுக்கு மற்றதோடு சேரக்கூடாது. இப்படி 95 குழியில் 95 கால். கடைசிக் குழியை வெறுமையாக விடுவோம். அந்த வெறுங்குழியிலும் ஏதாவது விடை வந்தால், எங்கோ கலந்துபோயிற்று என்று அர்த்தம். அப்புறம் முழுத்தட்டையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அந்தக் காலுக்குள் இருக்கும் டிஎன்ஏவிலிருந்து ஒரு மரபணுத் துண்டை மட்டும் எடுத்து, கோடிக்கணக்கில் பிரதி செய்து, இயந்திரத்தில் வாசிக்கிறோம். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்து மாறி மாறி வரும். மொத்தம் 658 எழுத்து. ஒரே வகைப் பூச்சிகளுக்குள் அநேகமாகச் சில எழுத்துகள்தான் வேறுபடும். வேறு வகை என்றால் வித்தியாசம் கூட. கடைச் சாமானில் கறுப்புக் கோடு போட்டு வைப்பதுபோல் ஒவ்வொரு உயிரையும் இதைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று 2003இல் எழுதியவர் இந்த ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் போல் ஹேபர்ட். அவர் அன்று முதலில் சோதித்துக் காட்டியவற்றில் இந்த ஊர் அந்துப்பூச்சிகளும் உண்டு. அதனால்தான் இந்த வேலைக்கு இந்த ஊர்.

இனி உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கோயிலுக்குப் போனேன். பஸ் மாறி மாறிப் போகவே அரை நாள் போயிற்று. நான் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்றதும் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பேர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. "என்ன குடி மகள்?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். "அப்ப நீ எங்கட பிள்ளை" என்று பக்கத்தில் இருத்தி, போகும்போது சோற்றுப் பார்சலும் கட்டித் தந்தார். பதினொரு மாதத்தில் அன்றைக்குத்தான் இங்கே எனக்கு ஒரு சொந்தம் கிடைத்தது.

நமக்குக் குடி தாய்வழிதானே. அப்பாவின் குடி எனக்கு வராது. உங்கள் குடிதான் எனக்கும் தம்பிக்கும். தம்பியோடு அது நின்றுவிடும், அவன் பிள்ளைகளுக்குப் போகாது. என் பிள்ளைகளுக்குப் போகும். நான் வாசிக்கிற அந்த 658 எழுத்தும் அச்சாக இப்படியேதான், அம்மா. கலத்துக்குள் இழைமணி என்று ஒன்று இருக்கிறது. உடம்புக்குச் சக்தி கொடுக்கும் அடுப்பு மாதிரி. அதற்கென்று தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டுந்தான் பிள்ளைக்கு வரும். பூச்சிக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். முதல் வகுப்பில் இதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பு எழுதினார்கள். நான் கோயிலில் குடி முறை சொல்லிக் கூப்பிடும் குரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் தாய்வழி மட்டும் முழுக் கதையையும் சொல்லாது. இதை நான் விளங்கிக்கொண்டது மாமாவின் சோளனைக் கொண்டுதான். 2018 மாரியில் கரடியனாற்றுப் பக்கம் அவர் போட்ட சோளனைப் படைப்புழு தின்றதே, ஞாபகம் இருக்கிறதா? இரவில் டோர்ச் அடித்துக் குருத்தைப் பிரித்துப் பிரித்துப் புழுப் பொறுக்கினோம். தலையில் கவைக்கம்பைத் தலைகீழாகக் குத்தினது போல வெள்ளைக் கோடு. வால் பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. அது அமெரிக்கக் கண்டத்து அந்துப்பூச்சியின் புழு. 2016இல் ஆபிரிக்காவில் கண்டார்கள், 2018இல் இந்தியாவில், அந்த வருடம் முடியுமுன் நம் நாட்டில்.

அன்றைக்கு எல்லாரும் பயந்தது, இது வயலுக்குள்ளும் இறங்குமா என்றுதான். அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருந்தது. இந்தப் பூச்சியில் இரண்டு இனம் உண்டு, சோளன் இனம் ஒன்று, நெல் இனம் ஒன்று. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எழுத்துதான் பிரித்துச் சொல்லும். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பிடித்தவற்றின் தாய்வழி எழுத்தை வாசித்தால், பெரும்பாலும் நெல் இனம் என்று வந்தது. ஆனால் அவை தின்றதோ சோளனை. பிறகு தாய் தகப்பன் இரண்டு வழியாலும் வருகிற இன்னொரு மரபணுவை வாசித்தார்கள். அது சோளன் இனம் என்றது. எப்போதோ இரண்டு இனமும் கலந்த பூச்சிதான் கடல் கடந்து வந்திருக்கிறது. குடியை மட்டும் கேட்டுவிட்டுத் தகப்பன் பக்கத்தை விசாரிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

அதனால் பழைய சொந்தங்களைத் தேடுகிறவர்கள் ஒரு மரபணுவோடு நிற்பதில்லை. 2019இல் ஒரு குழு அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியுமாக 186 வகைகளில் 2,098 மரபணுக்களை ஒப்பிட்டது. இந்தக் கூட்டம் தோன்றி ஏறக்குறைய 30 கோடி வருடம் என்று கணக்கு வந்தது. வண்ணத்துப்பூச்சி வேறு, அந்துப்பூச்சி வேறு என்றுதானே நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. இதுவரை பேர் வைத்த ஏறக்குறைய 1,60,000 வகைகளில் வண்ணத்துப்பூச்சி 19,000 அளவுதான், அதுவும் அந்துப்பூச்சி மரத்தில் ஒரு கிளை. பகலில் பறக்கப் பழகிய கிளை. தென், மத்திய அமெரிக்காவில் மங்கலான நிறத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. அநேகமாக இரவில்தான் பறக்கும். பார்த்தால் அந்துப்பூச்சி என்றுதான் சொல்வீர்கள். முன்பு அந்துப்பூச்சிகளோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவை வாசித்தபோது அது வண்ணத்துப்பூச்சியின் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. விளக்கடிக்கு வருவதைத் தும்புத்தடியால் விரட்டுகிறீர்களே, செவ்வரத்தையில் வந்து தேன் குடிப்பதற்கு அது சொந்தம், அம்மா.

2023இல் இன்னொரு பெரிய ஆராய்ச்சி வந்தது. ஏறக்குறைய 2,300 வகை வண்ணத்துப்பூச்சி, 391 மரபணு. முதல் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 10 கோடி வருடத்துக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, பிறகு மற்ற இடங்களுக்குப் பரவின என்கிறார்கள். இந்தியா தனித் தீவாகக் கடலில் கிடந்த காலத்திலேயே அங்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. நம் நிலமும் அதோடு ஒட்டித்தான் இருந்தது. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வந்த வழியால் எதிர்ப்பக்கமாக அவை போயிருக்கின்றன.

இங்கே மாரியில் வெளியே ஒரு பூச்சியும் இல்லை. ஐந்து மாதம் எல்லாம் வெள்ளை. நான் சோறு வடிக்கிற ஆவியில் ஜன்னல் மூடிப்போகும். அந்த நாட்களில் எதற்கு வந்தேன் என்றுகூட நினைத்தேன், உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது கோடை. பின்னேரங்களில் ஸ்பீட் ஆற்றங்கரையால் நடந்து வருவேன். போன வாரம் வழியில் ஒரு செடியின் இலையைச் சும்மா கிள்ளினேன். கிள்ளின இடத்தில் பால் பொங்கி வந்தது. அம்மா, அது எருக்கலைப் பால் போலவே. செடியும் எருக்கலையின் குடும்பந்தான். இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரியோடு ஒரு புழு.

நீங்கள் விடியப்புறம் பிள்ளையாருக்குப் பூப் பறிக்கிற எருக்கலையில் நான் இதே மாதிரிப் புழுவைப் பார்த்திருக்கிறேன். செம்மஞ்சள் செட்டையும், கறுத்த ஓரமும், அதில் வெள்ளைப் பொட்டுமாகப் பறக்குமே, அதன் புழு. இங்கே இருப்பது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி. பெரிய செட்டைக்காரி. இரண்டும் அந்தப் பாலின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும், குருவி தொடாது. குளிர் தொடங்குமுன் இவள் மெக்சிகோ மலைக்காட்டுக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து போய்விடுவாள். நான் அந்தச் செடிக்குப் பக்கத்தில் இருட்டும்வரை இருந்தேன். அழுதேன் என்று நினைக்காதீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

தம்பியிடம் ஒரு வேலை சொல்லுங்கள். படலையடி எருக்கலையில் இலைகளைத் திருப்பிப் பார்க்கட்டும், புழு இருந்தால் அதன் உடம்பில் கறுப்புக் கொம்பு எத்தனை சோடி என்று எண்ணட்டும். இங்கத்தைப் புழுவுக்கு இரண்டு சோடி. நம்மூர்ப் புழுவுக்கு மூன்று என்று புத்தகத்தில் இருக்கிறது. சின்ன வயதில் எத்தனையோ தரம் கையில் வைத்திருந்தும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது, கவனம்.

காசு வெள்ளிக்கிழமை போடுகிறேன். மாமாவிடம் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்