புதிய ஆசிரியருக்கு வகுப்பறையைக் கற்றுத்தருவது யார்?

மதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியரிடம் மூத்தவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “தொடக்கத்திலேயே கண்டிப்பாக இருந்துவிடுங்கள், இல்லையென்றால் தலைமேல் ஏறிவிடுவார்கள்.” அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரே அறிவுரையோடு அவரை ஒரு வகுப்பிற்குள் தனியே அனுப்பிவிடுவது அவருக்கும் அந்த மாணவர்களுக்கும் இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

இது இன்று முளைத்த சிக்கல் அல்ல. புதிய ஆசிரியர்களின் இடர்ப்பாடுகளைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த 83 ஆய்வுகளை 1984-இல் கல்வி ஆய்வாளர் சைமன் வீன்மன் தொகுத்துப் பார்த்தபோது, வகுப்பறை ஒழுங்கே முதலிடத்தில் இருந்தது. அப்படியிருந்தும், அதைக் கற்றுத்தர வேண்டிய திறனாகக் கருதாமல், சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த கம்பீரமாகவோ குரல் வளமாகவோ எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

கல்வி உளவியலாளர் ஜேக்கப் கௌனின் என்பவர் வகுப்பறைகளைக் காணொளியில் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970-இல் வெளியிட்ட முடிவுகள் இந்த எண்ணத்தை அசைத்திருக்க வேண்டும். மாணவர்கள் குறும்பு செய்த பிறகு ஆசிரியர் எவ்வாறு கண்டிக்கிறார் என்பதற்கும் வகுப்பின் ஒழுங்கிற்கும் பெரிய தொடர்பு எதையும் அவர் காணவில்லை. குறும்பு தொடங்குமுன் ஆசிரியர் செய்பவையே வேறுபாட்டை உண்டாக்கின: அறையின் எல்லா மூலைகளிலும் நடப்பதைத் தாம் அறிந்திருப்பதை மாணவர்களுக்கு உணர்த்துவது, ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்வுகளைக் கவனித்துக்கொள்வது, பாடம் அறுபடாமல் நகரச் செய்வது. நல்ல ஆசிரியரின் வகுப்பில் சண்டையே நடப்பதில்லை என்று நாம் வியக்கிறோம். அது நடக்காமல் இருக்க அவர் செய்தவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுக் கேள்வி கேட்டால் அந்த ஒரு மாணவரைத் தவிர மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். கேள்வியை முதலில் வைத்துச் சற்றுப் பொறுத்த பின் பெயரைச் சொன்னால் வகுப்பு முழுவதும் விடை தேடும். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக நீட்டினால் விடைகள் விரிவாகின்றன, பதில் சொல்ல முன்வருபவர்களும் கூடுகிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதேபோல், பேச்சு ஓயுமுன் அடுத்த வேலையைச் சொல்லத் தொடங்குவது, நோட்டுகளைத் தம் கையாலேயே ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பது, கரும்பலகையில் நெடுநேரம் எழுதுவது ஆகிய இடைவெளிகளில்தான் வகுப்பு பெரும்பாலும் கைநழுவுகிறது. குரலை உயர்த்தி இந்த இடைவெளிகளை அடைக்க முடியாது.

இங்கேதான் நம் பயிற்சி முறையின் பெருங்குறையைக் காண்கிறேன். கல்வியாண்டின் முதல் சில வாரங்களில் ஆசிரியர் எதை வழக்கமாக்குகிறாரோ அதுவே ஆண்டு முழுவதற்கும் அடித்தளமாகிறது என்பதை எம்மர், எவர்ட்சன் முதலிய ஆய்வாளர்களின் ஆய்வு 1980-இலேயே காட்டியது. ஆனால் கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் மாணவ ஆசிரியர் பெரும்பாலும் ஆண்டின் இடையில்தான் செல்கிறார். வேறொருவர் பொறுமையாகப் பழக்கிவைத்த வகுப்பில் சில பாடங்களை நடத்திவிட்டு வருகிறார். ஒழுங்கான வகுப்பை அவர் பார்க்கிறார், அது உருவான விதத்தைப் பார்ப்பதே இல்லை. பின்னர் தமக்கென ஒரு வகுப்பு கிடைக்கும்போது, ஒருமுறைகூடக் கண்டிராத வேலையை முதல் நாளே செய்ய வேண்டியிருக்கிறது. அது கைகூடாதபோது தமக்கு இந்தத் தொழில் ஒத்துவராது என்ற முடிவிற்கு அவர் வந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எனவே, பயிற்சிக் கல்லூரிகள் கல்வியாண்டின் தொடக்க நாட்களையாவது மாணவ ஆசிரியர்கள் ஒரு தேர்ந்த ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்க்க வழிசெய்ய வேண்டும். தலைமையாசிரியர்கள், யாரும் ஏற்க விரும்பாத வகுப்பைப் புதியவரின் தலையில் கட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அவருடைய வகுப்பிற்கு மாதம் இருமுறையேனும் ஒரு மூத்த ஆசிரியர் வந்து அமர்ந்து, கண்டதை அன்றே அவருடன் பேச வேண்டும். அந்தப் பேச்சு எந்தப் பணி மதிப்பீட்டிலும் பதிவாகக் கூடாது. பதிவாகும் என்று தெரிந்தால், தம் வகுப்பில் உண்மையில் நடப்பதை எந்தப் புதிய ஆசிரியரும் வாய்திறந்து சொல்லமாட்டார்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்